நடுவில் கஜலட்சுமி, ஓரத்தில் வெள்ளைக்காரச் சிப்பாய்

(காட்சி: கானாடுகாத்தான், காலை வெயில். கேமரா தெருவிலிருந்து மெல்ல மேலே ஏறுகிறது.)

குரல்: கழுத்தை நன்றாக நிமிர்த்திப் பாருங்கள். செட்டிநாட்டு வீடு என்றால் பர்மா தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல், முட்டை வெண்கரு பூசிய சுவர் என்று உள்ளே போய்விடுகிறோம். மாடியின் கைப்பிடிச் சுவரில் யார் நிற்கிறார்கள் என்று பார்ப்பவர்கள் குறைவு. நடுவில் கஜலட்சுமி, இரு பக்கமும் யானை. சற்றுத் தள்ளி, சில வீடுகளில், தொப்பியும் பூட்சும் துப்பாக்கியுமாக ஒரு வெள்ளைக்காரச் சிப்பாய்.

சுண்ணாம்பில் செய்த சுதை உருவம். சீமைக்காரன்தான். ஆனால் முகத்தை உற்றுப் பார்த்தால் எனக்கு ஐயனார் கோயில் வீரனின் சாயல்தான் தெரிகிறது. செய்த கை நம்மூர்க் கை அல்லவா.

இவன் எதற்கு இங்கே? அடிமைப் புத்தி என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் அவன் நிற்கும் இடத்தைக் கவனியுங்கள். நடு இடம் லட்சுமிக்கு. கோயிலில் துவாரபாலகர் நிற்கும் ஓரம் சிப்பாய்க்கு. சூரியன் மறையாத பேரரசின் படைவீரனை இந்த வீட்டுக்காரர் காவல்காரனாக வைத்துக்கொண்டிருக்கிறார்!

(காட்சி: இரும்புக் கம்பிக் கதவில் வளைத்து எழுதிய விலாச எழுத்துகள். பிறகு ஒரு பழைய பேரேடு.)

குரல்: சிரித்துவிட்டு நகர முடியவில்லை. அந்தக் காவல்காரனுக்கு உண்மையிலேயே வேலை இருந்தது.

கடல் கடந்து தொழிலுக்குப் போவதை நகரத்தார், அதாவது இந்த வீடுகளைக் கட்டிய செட்டியார்கள், 'கொண்டுவிக்கப் போவது' என்பார்கள். இலங்கை, மலாயா, சைகோன் என்று பல ஊர்கள் இருந்தாலும் பெரிய பணம் பர்மாவில்தான். 1852 போரில் இந்தச் சிப்பாயின் ஆங்கிலேயப் படைதான் பர்மாவின் தென்பகுதியான கீழ் பர்மாவைப் பிடித்தது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் பர்மா அரிசிக்கு ஐரோப்பியச் சந்தை அருகில் வந்தது. காட்டைத் திருத்தி வயலாக்க உழவர்களுக்குக் கடன் வேண்டும். கொடுத்தவர்கள் நம்மவர்கள். கடையில் எடுபிடியான பெட்டியடிப் பையனாகக் கப்பலேறியவன், உதவியாளான அடுத்தாளாகி, முதலாளியாகித் திரும்பி வந்து இந்தப் பெரிய வீடுகளைக் கட்டினான்.

1930களில் நெல் விலை சரிந்தது. கடனைக் கட்ட முடியாத உழவரின் நிலம் கடன் கொடுத்தவர் பெயருக்கு மாறியது. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்களிடம் இருந்த நிலம் 1930இல் 6 விழுக்காடு. 1938இல் 25 விழுக்காடு. நிலத்தை விரும்பி வாங்கியவர்கள் அல்ல இவர்கள். ரொக்கம் வேண்டும் என்பதே அவர்கள் கணக்கு. ஆனால் வயலை இழந்தவருக்கு அந்த வேறுபாட்டால் என்ன ஆறுதல்? 1942இல் ஜப்பானியப் படை வந்தபோது பல்லாயிரம் இந்தியர் மலையும் காடும் கடந்து நடந்தே வந்தார்கள். விடுதலை பெற்ற பர்மா நிலங்களை நாட்டுடைமை ஆக்கியது.

சிப்பாய் நின்ற கைப்பிடிச் சுவர்களில் ஒரு பர்மிய உழவரின் உருவத்தை நான் எங்கும் பார்த்ததில்லை.

(காட்சி: ஓடும் பஸ்ஸின் ஜன்னல். திருப்பத்தூர்.)

குரல்: வீட்டின் நினைவு அப்படி. தெருவின் நினைவு வேறு. காரைக்குடியில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் திருப்பத்தூர். 1801 அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்களை ஆங்கிலேயர் தூக்கிலிட்ட ஊர். இங்கே நினைவிடம் இருக்கிறது. அவர்களுடைய சமாதி காளையார்கோவிலில். ஆண்டுதோறும் அக்டோபர் கடைசி வாரத்தில் இரண்டு ஊர்களிலும் கூட்டம் தாங்காது. 1942 ஆகஸ்டில், 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தில், தேவகோட்டையும் கொதித்தது, நீதிமன்றம் எரிந்தது.

இடையில் இன்னொருவர். கோட்டையூர் அழகப்பச் செட்டியார். பிரிட்டிஷ் அரசு அவருக்குக் கொடுத்தது 'சர்' பட்டம். ஊர் கொடுத்தது 'வள்ளல்'. இன்று எந்தப் பட்டம் புழங்குகிறது என்று காரைக்குடி ஆட்டோக்காரரைக் கேளுங்கள். 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தைக் காரைக்குடிக்குக் கொண்டுவந்தார். 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார்.

(காட்சி: காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு. கடை வாசலில் சாய்த்து வைத்த நிலைக்கதவுகள்.)

குரல்: செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. அதே ஊர்களின் தூணும் கதவும் பீங்கான் ஜாடியும் இந்தத் தெருவில் விலை பேசப்படுகின்றன. பத்துப் பன்னிரண்டு பங்காளிகளுக்கு ஒரே வீடு என்றால் பராமரிப்புச் செலவுக்கு யார் முன்வருவார்? குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இடிப்பதற்கு முன், வாசலில் ஒரு சின்னக் கல்வெட்டாவது வைக்கலாம்: கட்டிய ஆண்டு, பணம் வந்த ஊர், அது வந்த விதம். மூன்று வரி போதும்.

(காட்சி: மீண்டும் கானாடுகாத்தான். மாலை. பூட்டிய முகப்பு.)

குரல்: தேக்கு விலை போகும். சுதை போகாது, பெயர்த்தால் உதிர்ந்துவிடும். அதனால் வீட்டில் கடைசிவரை நிற்பவன் சிப்பாய்தான். துப்பாக்கி முனை உடைந்திருக்கிறது, தொப்பியில் புறா. அடுத்த கல்யாணத்துக்கு வெள்ளையடிக்க வருபவர் கீழே நின்று கேட்பார்: "ஐயா, இவன் சட்டைக்குச் சிவப்பா, காக்கியா?"