ஒட்டோவா, சுப்பரா? மலை ஏறும் வண்டிக்கு எந்த டீசல்

நேயர்களுக்கு வணக்கம்.

பெற்றோல் ஷெட்டில் டீசல் வண்டியை நிறுத்தியதும் வருகிற கேள்வி ஒன்றுதான்: "ஒட்டோவா, சுப்பரா?" அதாவது சாதாரண ஒட்டோ டீசலா, விலை கூடிய சுப்பர் டீசலா. மலையகத்தில் இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் பாரம் கூட. கினிகத்தேனையிலிருந்து நுவரெலியா வரை இரண்டாம் கியரிலேயே இழுத்துப் போகிற லொறிக்கு நல்ல எண்ணெய் ஊற்றினால் மேடு இலகுவாகும் என்று நம்பிப் பலர் கூடுதல் காசு கொடுக்கிறார்கள். அது சிலருக்குத் தேவையான செலவு, நிறையப் பேருக்கு வீண் செலவு. மேட்டைப் பார்த்து இதைத் தீர்மானிக்க முடியாது. வண்டியின் என்ஜினைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

இரண்டு டீசலுக்கும் உள்ள வித்தியாசத்தை முதலில் பார்ப்போம். யூரோ 4 என்கிற ஐரோப்பிய எரிபொருள் தரத்திலான சுப்பர் டீசல் நம் நாட்டுக்கு 2018இல் வந்தது. அந்தத் தரத்தின்படி ஒரு கிலோ டீசலில் கந்தகம் 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. சீட்டேன் எண் 51க்குக் குறையக்கூடாது. சீட்டேன் எண் என்பது, சிலிண்டருக்குள் தெளித்த டீசல் எவ்வளவு சீக்கிரம் பற்றிக்கொள்கிறது என்பதற்கான அளவு. ஒட்டோ டீசலின் சீட்டேன் எண் இதைவிடச் சற்றுத்தான் குறைவு. ஆனால் கந்தகம் பல மடங்கு அதிகம். ஆகவே நாம் கொடுக்கிற கூடுதல் காசு பெரும்பாலும் கந்தகத்தை எடுத்ததற்கான காசு. கூடுதல் சக்திக்கான காசு அல்ல. ஒரு லீற்றர் டீசலில் உள்ள வெப்பச் சக்தி இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். கந்தகம் நீக்கிய டீசல் அடர்த்தியில் சற்றுக் குறைவதால், லீற்றர் கணக்கில் சுப்பரின் சக்தி ஒரு நூல் குறையவும் கூடும்.

"சுப்பர் அடித்தால் கூடுதல் தூரம் ஓடும்" என்பதைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். விலை மாதாமாதம் மாறுவதால் ஓர் உதாரணம். ஒட்டோ 280 ரூபா, சுப்பர் 320 ரூபா என்று வைத்துக்கொள்ளுங்கள். மலைப் பாதையில் உங்கள் வேன் லீற்றருக்கு 10 கிலோமீற்றர் ஓடினால், ஒட்டோவில் ஒரு கிலோமீற்றருக்கு 28 ரூபா. சுப்பரிலும் அதே 28 ரூபாவில் நிற்க வேண்டுமானால், லீற்றருக்கு கிட்டத்தட்ட 11.4 கிலோமீற்றர் ஓட வேண்டும். அதாவது நூற்றுக்கு 14 கூட. எந்த டீசலும் அப்படி ஓடாது. மாதம் 3000 கிலோமீற்றர் ஓடுகிற வேனுக்கு 300 லீற்றர் போகும், அதில் 12,000 ரூபா கூடுதல் செலவு. ஆண்டுக்கு 144,000 ரூபா. ஆகவே ஓட்டத்துக்காக மட்டும் சுப்பர் அடிக்கிறவர்கள் அதை நிறுத்தலாம்.

நம்பிக்கை வராவிட்டால் நீங்களே அளந்து பாருங்கள். ஒரே ஷெட்டில், ஒரே பம்பில், நொசில் முதல் தடவை தானாக நிற்கும் வரை நிரப்புங்கள், அதற்கு மேல் ஒரு சொட்டும் வேண்டாம். கிலோமீற்றரைக் குறித்துக்கொண்டு வழமையான பாதையில் ஓடிவிட்டு, அதே மாதிரித் திரும்ப நிரப்புங்கள். ஒவ்வொரு டீசலுக்கும் மூன்று தடவையாவது இப்படிச் செய்ய வேண்டும். ஒரு தடவை ஏற்றிய பாரமும் மறு தடவை பெய்த மழையும் போதும், கணக்கைக் குழப்பிவிடும்.

அடுத்தது மேடும் கரும்புகையும். நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கொழும்போடு பார்த்தால் அங்கே காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிற டர்போ இல்லாத பழைய என்ஜின் ஒவ்வொரு மூச்சிலும் அந்த அளவு காற்றை இழக்கிறது. என்ஜினின் டீசல் பம்ப் மட்டும் கொழும்பில் தள்ளிய அதே அளவு டீசலைத் தள்ளுகிறது. காற்றுப் போதாமல் எரியாத டீசல் கரியாக வெளியே வருகிறது. இறம்பொடை மேட்டில் பஸ்ஸுக்குப் பின்னால் போகிறவர்கள் விழுங்குகிற புகை இதுதான். எந்த விலையுயர்ந்த டீசலும் காற்றைக் கொண்டுவராது. அதற்கு எயார் பில்டரைக் கழற்றிப் பாருங்கள். தோட்டத்து மண் பாதையில் ஓடுகிற கொழுந்து லொறிக்கு, புத்தகத்தில் எழுதியிருக்கும் தூரத்தில் பாதியிலேயே பில்டர் அடைத்துவிடும். மற்றது, "இழுவை வேண்டும்" என்று கராஜில் பம்பின் ஸ்குரூவைத் திருகி டீசலைக் கூட்டுகிற பழக்கம். மேட்டுக்கு அது நேர்மாறான வைத்தியம். கூடுகிற புகையை ஊரே சுவாசிக்கிறது, பிஸ்டன் தலை சூடேறி வெடிக்கவும் வழி.

காலையில் வருகிற வெள்ளைப் புகை வேறு கதை. அது பற்றாமல் ஆவியாக வெளியேறுகிற டீசல். தை, மாசிக் குளிரில் ஸ்டார்ட் செய்து இரண்டு நிமிடம் தடதடவென்று அடித்து, வெள்ளையாகப் புகைத்து, பிறகு சரியாகிற வண்டிக்குச் சீட்டேன் எண் கூடிய டீசல் சற்று உதவும், உண்மைதான். ஆனால் பெரும்பாலும் அங்கே குளிரில் சிலிண்டரைச் சூடாக்குகிற ஹீட்டர் பிளக் ஒன்றிரண்டு செத்திருக்கும். சோதிப்பது கடினமில்லை. என்ஜின் குளிர்ந்திருக்கும்போது, பிளக்குகளை ஒன்றோடொன்று இணைக்கிற தகட்டை முதலில் கழற்றுங்கள். அதைக் கழற்றாமல் அளந்தால் நல்ல பிளக்கின் அளவே எல்லாவற்றிலும் காட்டும். பிறகு மல்டிமீற்றரை ஓமில் வைத்து ஒரு முனையைப் பிளக்கின் தலையிலும் மறு முனையை என்ஜின் உடம்பிலும் பிடியுங்கள். பெரும்பாலான பிளக்குகள் 2 ஓமுக்குள் காட்டும். ஒன்றுமே காட்டாதது செத்த பிளக். நான்கில் இரண்டு செத்தாலும் வண்டி ஸ்டார்ட் ஆகிவிடும், ஆகவேதான் யாரும் கவனிப்பதில்லை.

இனி, சுப்பர் கட்டாயம் தேவைப்படுகிற வண்டிகள். ஜப்பானில் 2007ஆம் ஆண்டிலிருந்து டீசலில் கந்தகம் கிலோவுக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது சட்டம். அந்த டீசலை நம்பிச் செய்த வேன்களும் சிறிய லொறிகளும்தான் இங்கே இறக்குமதியாகி ஓடுகின்றன. அவற்றில் பலவற்றில் புகைக் குழாயின் நடுவில் கரியைப் பிடிக்கிற பில்டர் ஒன்று இருக்கும். டொயோட்டாக்காரர்கள் அதை டிபிஆர் என்பார்கள், இசுசு எல்ஃபில் டிபிடி, மற்றவர்கள் டிபிஎஃப். பிடித்த கரியைப் பில்டர் அவ்வப்போது தானே எரித்துச் சாம்பலாக்க வேண்டும். எரிப்பதற்கு உதவுகிற விலையுயர்ந்த உலோகப் பூச்சைக் கந்தகம் மூடி மழுங்கடிக்கிறது. மழுங்கினால் கரி எரியாது, எரியாத கரி வழியை அடைக்கும், அடைத்தால் இழுவை போகும், மீற்றர் பலகையில் விளக்கு மின்னும். பில்டரின் விலையைக் கேட்டவர்களுக்கு ஆண்டுக்கு ஒன்றரை இலட்சம் பெரிதாகத் தோன்றாது. உங்கள் வண்டியில் இந்தப் பில்டர் இருந்தால் சுப்பரே அடியுங்கள், இதில் யோசிக்க எதுவும் இல்லை.

பாதி சுப்பர், பாதி ஒட்டோ கலந்தால் என்ன? என்ஜினுக்கு உடனே ஒன்றும் ஆகாது. ஆனால் கந்தகம் 50 உள்ளதையும், ஒரு பேச்சுக்கு, 500 உள்ளதையும் சரிபாதி கலந்தால் தாங்கியில் இருப்பது 275. சுப்பருக்குக் கொடுத்த காசு பில்டரைக் காப்பாற்றாமல் போய்விடும்.

கரி பில்டர் இல்லாத கொமன் ரெயில் வண்டிகளில், அதாவது டீசலைத் தெளிக்கிற எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான ஓர் உயர் அழுத்தக் குழாய் உள்ள வண்டிகளில், நிலைமை இடைப்பட்டது. அங்கே டீசல் 1500 பார், அதற்கும் மேற்பட்ட அழுத்தத்தில் பாய்கிறது. இன்ஜெக்டருக்குள் அசைகிற பாகங்களின் இடைவெளி ஒரு மில்லிமீற்றரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் இரண்டு மூன்று பங்குதான். இவற்றைக் கொல்வது தண்ணீரும் தூசும். சுப்பரிலும் தண்ணீர் இருக்கலாம். மலையகத்தில் பகல் வெயிலில் சூடான தாங்கி இரவில் குளிர்ந்ததும், காலியான பாதியில் உள்ள காற்றின் ஈரம் உட்சுவரில் வியர்த்து டீசலுக்குள் இறங்கும். மாலையில் தாங்கியை நிரப்பி நிறுத்துகிறவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. மாதம் ஒரு தடவை தண்ணீரை வடியுங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில், ஸ்டார்ட் செய்யுமுன், டீசல் பில்டரின் அடியிலுள்ள திருகைத் தளர்த்தி, மேலேயுள்ள கைப் பம்பை அமுக்கி, ஒரு கண்ணாடிப் போத்தலில் 200 மில்லிலீற்றர் அளவு பிடியுங்கள். கால் மணித்தியாலம் அசையாமல் வைத்தால் தண்ணீர் அடியில் தனிக் கோடாக நிற்கும். கோடு தெரிந்தால் மறுபடி பிடியுங்கள், தெளியும் வரை. பிறகு திருகை இறுக்கி, பம்ப் கைக்கு விறைக்கும் வரை அமுக்கிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். திருகைக் கையால் மட்டும் இறுக்கினால் போதும், ஸ்பேனர் போட்டால் பிளாஸ்டிக் புரி உடையும்.

இந்த வகை வண்டிக்கு என்னுடைய கருத்து: தரமான டீசல் பில்டரை நேரத்துக்கு மாற்றி, ஒட்டோ அடித்தே ஓடலாம். ஆனால் என்ஜின் ஒயிலைச் சீக்கிரம் மாற்ற வேண்டும். கந்தகம் எரிந்து நீராவியோடு சேர்ந்து அமிலமாகிறது. ஒயிலில் உள்ள காரம் அந்த அமிலத்தை முறித்து முறித்தே தீர்ந்துபோகிறது. குறைந்த கந்தகத்துக்கென்று புத்தகத்தில் 10,000 கிலோமீற்றர் எழுதியிருந்தால், ஒட்டோவில் ஓடுகிறவர்கள் 5000இல் மாற்றுவது நல்லது. பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டிகள், டிராக்டர்கள், தொழிற்சாலை ஜெனரேட்டர்கள் எல்லாவற்றுக்கும் ஒட்டோவே தாராளம்.

சில கம்பனிகள் சாதாரண டீசலில் இன்ஜெக்டரைச் சுத்தமாக்குகிற மருந்து சேர்த்துத் தனிப் பெயரில் விற்கின்றன. அது சுப்பர் டீசல் அல்ல, கந்தகம் குறைந்ததும் அல்ல. இன்ஜெக்டர் நொசிலின் துளையில் கரி படிந்த வண்டிக்கு அது மெல்ல மெல்ல உதவலாம், தேய்ந்த நொசிலை மீட்காது. இதைவிடப் பொல்லாதது, மலிவு என்று மண்ணெண்ணெய் கலப்பது. மண்ணெண்ணெய்க்கு வழுவழுப்புக் குறைவு, பம்பின் உலோகம் உலோகத்தோடு உரசும். உரசி வந்த துகள் ஒன்று இன்ஜெக்டருக்குப் போனால், மிச்சம் பிடித்த காசு முழுவதும் ஒரே நாளில் கராஜுக்குப் போய்விடும்.

கரி பில்டர் உள்ள வண்டியை மேற்பிரதேசத்தில் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். எல்லா ஷெட்டிலும் சுப்பர் இருக்காது, இருக்கிற ஷெட்டிலும் மெதுவாகத்தான் விற்பனையாகும். மெதுவாக விற்கிற நிலத்தடித் தாங்கியின் அடியில் தண்ணீர் சேர வாய்ப்பு அதிகம். ஆகவே சுப்பர் நன்றாக ஓடுகிற ஒரு ஷெட்டைப் பிடித்துக்கொண்டு, பாதித் தாங்கி குறைந்ததும் அங்கேயே நிரப்புங்கள். பவுசர் இறக்கிக்கொண்டிருந்தால் அன்று வேண்டாம், அடி மண்டி கலங்கி இருக்கும். தோட்டப் பாதையில் குறுகிய ஓட்டம் மட்டும் ஓடுகிற வண்டியில் கரி எரிவதற்கான சூடு வராது. எல்ஃபில் டிபிடி விளக்கு மின்னினால் தள்ளிப் போடாதீர்கள். சமதரையில் நிறுத்தி, நியூட்ரலில் ஹேண்ட்பிரேக் போட்டு, சுவிட்சை அமுக்குங்கள். பதினைந்து இருபது நிமிடம் என்ஜின் தானாகவே வேகம் கூட்டி எரிக்கும், இடையில் நிறுத்த வேண்டாம். அந்த நேரத்தில் புகைக் குழாய் நெருப்பாகக் கொதிக்கும். காய்ந்த மானாப் புல்லின் மேலோ சருகின் மேலோ வண்டியை நிறுத்தாமல், வெறும் மண் தரை அல்லது கொங்கிரீட் பார்த்து நிறுத்துங்கள்.

வணக்கம்.