ஓடாமல் நின்ற கார்கள்

அவைத்தலைவர் அவர்களுக்கும், மாலை நேரத்தில் வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு வந்திருக்கும் நண்பர்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

2013ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் பியர்ஸ் என்றொரு சின்ன ஊர். அங்கே ஒரு வயலில் சுமார் 500 கார்களை வரிசையாக நிறுத்தி ஏலம் விட்டார்கள். ஐம்பது ஆண்டுகள் ஷெவர்லே விற்பனை நிலையம் நடத்திய ஒரு தம்பதியின் கார்கள் அவை. விற்காமல் தங்கிப்போன புது வண்டிகளை அவர்கள் கழித்துத் தள்ளாமல் அப்படியே வைத்திருந்தார்கள். அதில் 1958ஆம் ஆண்டு தயாரான கேமியோ பிக்கப் ஒன்று. மீட்டரில் 1.3 மைல். கிலோமீட்டரில் சொன்னால் இரண்டு சொச்சம், அவ்வளவுதான். 55 வருஷத்தில் அந்த வண்டி போன தூரத்தை நாம் காலையில் நடந்தே போய்விடுவோம். அது 1,40,000 டாலருக்குப் போனது.

ஓடுவதற்கென்றே செய்த ஒரு பொருள், ஓடாமல் இருந்ததற்காக இத்தனை விலை போகிறதே, ஏன்? முப்பது வருஷமாகப் பழைய கார்களைப் பிரித்துப் பூட்டுகிற வேலை செய்கிறேன். இந்தக் கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதிலை என் கையால் நடந்த ஒரு தவறிலிருந்துதான் கற்றுக்கொண்டேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தொழிலுக்கு வந்த புதிதில் ஒருவர் தன் அப்பாவின் காரைக் கொண்டுவந்து விட்டார். நன்றாக ஓடித் தேய்ந்த வண்டி. "பளிச்சென்று ஆக்கிக் கொடுங்கள்" என்றார். டிங்கரிங் பார்த்து, பட்டி வைத்துத் தேய்த்து, புது பெயின்ட் அடித்து, உள்ளே சீட்டு, கதவு அட்டை எல்லாவற்றையும் மாற்றினேன். மூன்று மாத உழைப்பு. டெலிவரி எடுக்க வந்தவர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். வலது கையைக் கதவின் கைதாங்கியில் வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். "இங்கே ஒரு பள்ளம் இருந்ததே?" என்றார். அவர் அப்பா முழங்கையை ஊன்றி ஊன்றி விழுந்த பள்ளம். பழைய கைதாங்கியை நான் குப்பையில் போட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது. அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. பணத்தைக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று புரிந்தது. பழைய காரைத் தேடி வருகிறவர்களில் இரண்டு விதமானவர்கள் உண்டு. ஒருவர் தேய்மானத்தைத் தேடுகிறார். அந்தப் பள்ளம், அந்தக் கீறல், மனிதர் இருந்து போன தடம்தான் அவருக்கு வேண்டும். இன்னொருவர் தேய்மானமே இல்லாததைத் தேடுகிறார். பதினாறு வயதில் சாலையோரம் நின்று, கடந்துபோன காரை வாய் பிளந்து பார்த்தவர் அவர். அன்றைக்குக் கையில் காசில்லை. ஐம்பது வயதில் காசு இருக்கிறது, கார் இல்லை. இருப்பதெல்லாம் மற்றவர்கள் வாழ்ந்து முடித்த கார்கள். ஓடாத காரில் யாருடைய நினைவும் இன்னும் படியவில்லை. குடிபுகாத வீடு மாதிரி. அதனால்தான் யார் வேண்டுமானாலும் தன் இளமையை அதற்குள் குடிவைக்க முடிகிறது. விலை அதற்குத்தான்.

அதே 2013 செப்டம்பரில் இன்னொன்றும் நடந்தது. இர்வ் கார்டன் என்ற அமெரிக்க ஆசிரியர், 1966இல் வாங்கிய தன் வால்வோ பி1800 காரில் 30 லட்சம் மைலைக் கடந்தார், அலாஸ்காவில். ஒரே மனிதர், ஒரே கார். அந்தக் காரில் இன்னொருவர் குடியேற இடமே கிடையாது, அது முழுக்க முழுக்க அவருடையது. இந்த இரண்டு வண்டிகளையும் நான் ஒரே மரியாதையோடுதான் பார்க்கிறேன். சந்தைதான் அப்படிப் பார்ப்பதில்லை.

சரி, கம்மி ரீடிங் என்று ஒருவர் சொன்னால் நான் எதைப் பார்ப்பேன்? மீட்டரைக் கடைசியில்தான் பார்ப்பேன். பழைய மீட்டர்களில் பல ஐந்து இலக்கம்தான், 99,999 தாண்டினால் மறுபடி பூஜ்யம். பின்னால் திருப்பி வைக்கிற கைங்கரியமும் ஏராளம். அமெரிக்கா 1972இல் அதற்கென்று தனிச் சட்டமே போட வேண்டி வந்தது. அதனால் முதலில் குனிந்து பெடலைப் பார்க்க வேண்டும். கிளட்ச் பெடல் ரப்பரின் இடது ஓரம், பிரேக் ரப்பரின் வரிகள் கூர்மையாக இருக்கிறதா? பிறகு சாவித் துவாரத்தைச் சுற்றி. சாவிக்கொத்து ஆடி ஆடி அடித்த பொடிக் கீறல்கள் அங்கே பொய் சொல்லாது. டிரைவர் சீட்டில், ஏறி இறங்கும்போது இடுப்பு உரசுகிற ஓரத் தையல். ஸ்டியரிங்கில் கை பிடிக்கிற இடத்தின் மினுமினுப்பு. டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியைத் தூக்கினால் அடியில் அந்தக் கால பெயின்ட் கைபடாமல் அப்படியே இருக்கும்.

ஒருமுறை அப்படி ஒரு காரை லிஃப்டில் ஏற்றி அடியில் டார்ச் அடித்தேன். சக்கரத்தைத் தாங்குகிற சஸ்பென்ஷன் ஆர்ம் மேல் மஞ்சள் சாக்பீஸ் மாதிரி ஒரு கிறுக்கல். தொழிற்சாலையில் போல்ட்டை இறுக்கிய தொழிலாளி "முடித்துவிட்டேன்" என்று போட்ட அடையாளம். சாலையில் கொஞ்சம் ஓடியிருந்தால், ஒரு மழையில் அழிந்துபோயிருக்கும். ஒரு மனிதரின் கையசைவு நாற்பது வருஷம் அங்கேயே நின்றிருந்தது. நான் துணியை எடுத்துத் துடைக்காமல் கீழே வந்துவிட்டேன். இந்தத் துறையில் ஒரு பேச்சு உண்டு, கார் ஒரே ஒரு தடவைதான் ஒரிஜினலாக இருக்கும் என்று. எவ்வளவு நன்றாகப் புது பெயின்ட் அடித்தாலும் அடித்தது நான்தானே, அந்தத் தொழிலாளி இல்லை.

ஆனால் நின்ற வண்டி நல்ல வண்டி என்று நினைத்துவிடாதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் ஆட்கள் ஏமாந்து போகிறார்கள். நிற்கிற காருக்குள் வேலை நடந்துகொண்டேதான் இருக்கிறது. பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பகுதி போய், மிச்சம் பிசினாகி கார்புரேட்டர் ஜெட்டை அடைக்கும். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து சிலிண்டரை உள்ளுக்குள் துருப்பிடிக்க வைக்கும். எண்ணெய் படாத ஆயில் சீல் காய்ந்து இறுகும், செல்ஃப் எடுத்து ஓட்டிய முதல் நாளே ஒழுகும். டயரில் பட்டன் அப்படியே இருக்கும், ரப்பர் செத்திருக்கும். வயரைக் கடிக்கிற எலிக்கு கிளாசிக் கார் என்று தெரியாது.

அமெரிக்காவின் துல்சா நகரத்தின் கதையை நிறைய பேர் கேட்டிருக்கலாம். 1957இல் ஒரு புத்தம்புது பிளிமத் பெல்வடேர் காரைக் கான்கிரீட் அறைக்குள் வைத்துப் புதைத்தார்கள், ஐம்பது வருஷம் கழித்து எடுப்பதாக. 2007இல் பெட்ரோல் என்ற ஒன்று இருக்குமோ இருக்காதோ என்று பெட்ரோலையும் கூடவே வைத்தார்கள். வருங்காலத்து மனிதர்கள்மேல் எத்தனை கரிசனம் பாருங்கள்! அறைக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. எடுத்தபோது கார் துருவாக இருந்தது. அந்தப் படங்களைப் பார்த்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

விலையைப் பற்றியும் கேட்பீர்கள். 2021இல் ஒரு மெக்லாரன் எஃப்1 ஸ்போர்ட்ஸ் கார், 400 கிலோமீட்டர்கூட ஓடாதது, 2 கோடி டாலருக்கு மேல் போனது. மொத்தமே 106 செய்த கார் அது, அந்தக் கணக்கு வேறு. அதைப் பார்த்து நாமும் ஒன்றை வாங்கிப் பூட்டி வைப்போம் என்று கிளம்பியவர்களின் கதை வேறு விதமாகப் போனது. 1976 கேடிலாக் எல்டொராடோவை அமெரிக்காவின் கடைசித் திறந்த கார், அதாவது கூரையை மடக்கிவிடக்கூடிய கார், என்று சொல்லி விற்றார்கள். கூடுதல் விலை கொடுத்து வாங்கி, போர்வை போட்டு மூடி வைத்தவர்கள் பலர். 1984 மாடலில் திறந்த எல்டொராடோ மறுபடி வந்தது, வாங்கியவர்கள் வழக்குப் போட்டார்கள். 1978இல் இண்டியானாபொலிஸ் கார் பந்தயத்தையொட்டி வந்த கார்வெட் ஸ்போர்ட்ஸ் கார் 6,502 செய்யப்பட்டது. அதையும் இதே எண்ணத்தில் ஏராளமானோர் ஓட்டாமல் வைத்தார்கள். எல்லோரும் பத்திரப்படுத்தியதால் அது அரிதாகவே ஆகவில்லை.

உண்மையில் காணாமல் போவது, யாரும் பத்திரப்படுத்த நினைக்காத சாதாரண கார்தான். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை இறக்கிவிட்ட கார். கல்யாணத்துக்கு இரவல் போன கார். அதில் ஒன்று எங்கோ, எதற்காகவோ ஓடாமல் நின்று தப்பித்தால், அதைப் பார்க்க நிற்கிற கூட்டத்தைப் பார்த்திருக்கிறேன். ஃபெராரியைப் பார்ப்பவர்கள் எட்ட நின்று படம் எடுப்பார்கள். இதைப் பார்ப்பவர்கள் கண்ணாடி வழியாகத் தலையை நீட்டி மோந்து பார்ப்பார்கள். அதனால் ஓடாத கார் ஒன்று கண்ணில் பட்டால், என்ன விலை என்பதற்கு முன்னால் ஏன் ஓடவில்லை என்று கேளுங்கள். வாங்கியவர் சீக்கிரமே இறந்திருப்பார். கண் பார்வை போயிருக்கும். அந்தப் பதில் கிடைக்காத காரை நான் நம்புவதில்லை.

என்னிடம் அப்படி ஒரு கார் பராமரிப்பில் இருக்கிறது. நாலாயிரம் கிலோமீட்டருக்கும் கீழே. கணவர் வாங்கிய வருஷமே போய்விட்டார், அந்த அம்மாவுக்கு ஓட்டத் தெரியாது. மாதம் ஒருமுறை இருபது கிலோமீட்டராவது ஓட்ட வேண்டும் அம்மா, இல்லாவிட்டால் உள்ளே செத்துவிடும் என்றேன். ரீடிங் ஏறுமே என்று தயங்கினார். அதைத் தொடக்கூடாது என்று அத்தனை வருஷம் காத்து வைத்திருந்தார். கடைசியில், நானும் வருகிறேன் என்று பக்கத்து சீட்டில் ஏறினார். ஒரு மணி நேரமும் சாலையைப் பார்க்கவில்லை, மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி இலக்கம் மெதுவாக உருண்டு 9 போய் 0 வந்தது. "இதை அவர் பார்த்ததில்லை" என்றார். கொஞ்ச தூரம் போனதும் கண்ணாடியை இறக்கிவிட்டு, இன்னும் ஒரு சுற்று போகலாமா என்று கேட்டார்.