அரைக்காது

நடுவர் அவர்களுக்கும், எதிரணியினருக்கும், கெடிலக் காற்றை நம்பி இந்நேரம் வரை அமர்ந்திருக்கும் திருப்பாதிரிப்புலியூர்ப் பெருமக்களுக்கும் என் வணக்கம். வணக்கத்தை இதற்கு மேல் நீட்டினால் நடுவரின் கை மணியைத் தேடிப் போகும். கதைகளில் திரும்பத் திரும்ப வரும் உத்திகளைக் கண்டுபிடித்து அவற்றுக்குப் பெயர் வைப்பது கதைச்சுவையைக் கூட்டுகிறதா, குறைக்கிறதா என்பது கேள்வி. கூட்டுகிறது என்று சொல்ல வந்தவன் நான்.

எனக்கு முன் பேசிய எதிரணிச் சகோதரி, எங்கள் அணியைப் பார்த்து, "இவர்கள் மீன்குழம்பு சாப்பிட உட்கார்ந்து, முள்ளை எண்ணி ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்துவிட்டு, பசியோடு எழுந்து போகிறவர்கள்" என்றார். நீங்கள் கை தட்டினீர்கள். முன்வரிசையில் யார் யார் தட்டினீர்கள் என்பதையும் நான் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன். அந்த மீனுக்கு வருகிறேன். அதற்கு முன் என் ஆயாவை, அதாவது என் பாட்டியை, உங்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டும்.

நெல்லிக்குப்பத்தில் இருந்த என் ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மாலையில் முறத்தில் முருங்கைக்கீரையைக் கொட்டிக்கொண்டு தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்தால், இரவுத் தொடர் முடியும்போது கீரையும் உருவி முடிந்திருக்கும். பார்த்த தொடர்களில் மறுபடி மறுபடி வந்தவற்றுக்கெல்லாம் அவர் தாமே பெயர் சூட்டியிருந்தார். பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி மேற்படியில் வந்து நின்றால் அது 'மாடிப்படி'. அடுத்த வாரத்திற்குள் அவள் உருண்டுவிடுவாள். கதாநாயகனின் தந்தை ஒரே ஒரு முறை இருமினால் அது 'இருமல்'. பதினைந்து நாளில் அவருடைய படத்துக்கு மாலை விழுந்துவிடும். தொடர்களில் யாருக்கும் சாதாரணச் சளி பிடித்ததே இல்லை என்பது ஆயாவின் துணிபு.

அவர் வைத்த பெயர்களில் சிறந்தது 'அரைக்காது'. ஒரு பெண் காபி டம்ளரோடு அறை வாசலுக்கு வருகிறாள். உள்ளே கணவன் தன் நண்பனிடம், "அவளை எனக்குப் பிடிக்கவே பிடிக்கவில்லை" என்கிறான். டம்ளர் விழுகிறது, இடி இடிக்கிறது, அவள் முகத்தை மூன்று கோணத்தில் காட்டுகிறார்கள், அவள் தாய்வீட்டுக்கு ஓடுகிறாள். அவள் தெருமுனையைத் தாண்டிய பிறகு அவன், "என்று சொல்லித்தான் கல்யாணத்தன்று முரண்டு பிடித்தேன், இன்றைக்கு அவள் இல்லாமல் எனக்கு ஒரு நாள் ஓடாது" என்று வாக்கியத்தை முடிக்கிறான். இந்தப் பின்பாதி அவள் காதுக்குப் போய்ச் சேர நூற்றுச் சொச்சம் நாட்கள் ஆகும். காபி கொண்டு வருகிறவள் வாசலில் நின்று ஒரு வாய் ஆற்றிக் குடித்திருந்தால் அதற்குள் அவன் பேசி முடித்திருப்பான், குடும்பமும் பிழைத்திருக்கும் என்பார் ஆயா. ஒரு தொடரை இதைவிடச் சுருக்கமாக யாரும் விமரிசித்து நான் கேட்டதில்லை.

பெயர் வைத்ததால் அவருக்குச் சுவை குறைந்ததா? டம்ளர் வாசலை நெருங்கும்போதே பக்கத்து வீட்டுக்குக் குரல் கொடுப்பார்: "அரைக்காது வரப்போவுது, சீக்கிரம் வாங்கடி!" அடுப்பைத் தணித்துவிட்டு இரண்டு பேர் ஓடிவருவார்கள். என்ன நடக்கும் என்று தெரிந்துதான் ஓடிவந்தார்கள். டம்ளர் விழுந்ததும் மூன்று பேரும் சேர்ந்து "ஐயையோ" என்பார்கள். அந்த "ஐயையோ"வில் பொய்யே கிடையாது.

இப்போது மீன். சகோதரி வெளியூரில் இருந்து வந்திருக்கிறார் என்று அறிகிறேன். அதனால்தான் கடலூரில் வந்து முள்ளைக் கேலி செய்துவிட்டார். வஞ்சிரத்தைத் தின்பதற்கு விலையைக் கொடுக்கும் வசதி இருந்தால் போதும். நடுவில் இருக்கும் ஒரு முள்ளை எடுத்து ஓரமாக வைத்துவிடலாம். கவலை என்று ஒரு மீன் இருக்கிறது, அம்மா. உடம்பெல்லாம் முள், அதுவும் மயிர் போன்ற முள். முள் எங்கே, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று அறிந்த கடலூர் முதுநகர்க்காரர், பக்கத்தில் இருப்பவரிடம் ஊர்க்கதை பேசிக்கொண்டே, விரலாலேயே சதையை வழித்து, கவலை இல்லாமல் கவலையைத் தின்பார். முள்ளைப் பற்றி அறியாத விருந்தாளி, இரண்டாவது வாயிலேயே கண் பிதுங்கி, வெறும் சோற்று உருண்டையை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இவர்களில் பசியோடு எழுந்து போகிறவர் யார்? கூடைக்காரம்மாவிடம் போய், "ஒரு கிலோ மீன் கொடுங்கள்" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். என்ன மீன், குழம்புக்கா வறுவலுக்கா என்று அவர் திருப்பிக் கேட்பார். சங்கரா, வாளை, காரப்பொடி, நெத்திலி என்று பெயரைச் சொன்னால்தான் சட்டி எது, புளி எவ்வளவு என்பது வரைக்கும் பேச்சு நகரும். பெயர் சொல்லத் தெரியாதவர்களின் தலையில் அன்றைக்கு எது மீந்ததோ அது கட்டப்படும்.

சகோதரி இன்னொன்றும் சொன்னார். திரையரங்கில் பக்கத்தில் உட்கார்ந்து, "இப்போது சாவான் பார்" என்று சொல்லிச் சொல்லிப் படத்தைக் கெடுக்கும் உறவினர் ஒருவர் தமக்கு இருக்கிறாராம். அவரை நானும் ஆதரிக்கவில்லை. ஆனால் அவருடைய குற்றம் வாயில் இருக்கிறது. அதற்கு அறிவைத் தண்டிப்பானேன்?

இது பெயர் வைக்கத் தெரிந்த ஊர், நடுவர் அவர்களே. திருநாவுக்கரசரைக் கல்லோடு பிணைத்துக் கடலில் இட, அந்தக் கல்லே தெப்பமாகி அவர் கரை சேர்ந்தார் என்பது சைவ மரபு சொல்லும் வரலாறு. அவர் கரையேறிய இடத்தை இன்றும் கரையேறவிட்டகுப்பம் என்றுதான் அழைக்கிறோம். குற்றமற்றவரை நீரில் எறிவதும் அவர் பிழைத்து வருவதும் உலகம் முழுக்கக் கதைகளில் வருகின்றன. கதையின் திருப்பத்துக்குப் பெயர் வைத்து, அந்தப் பெயருக்குள்ளேயே குடியிருப்பவர்கள் நாம்.

ஒட்டுக்கேட்பதற்கு மீண்டும் வருகிறேன், ஏனென்றால் என் ஆயாவுக்கு முன்னோடிகள் இருக்கிறார்கள். நம் சங்க அகப்பாடல்களின் அடியில் துறைக்குறிப்பு இருக்கும். யார், யாரிடம், எந்தச் சூழலில் சொன்னது என்பதை ஒரு வரியில் அது சொல்லும். அறத்தொடு நிற்றல், உடன்போக்கு, வெறியாட்டு, இற்செறிப்பு, மடலேறுதல் என்று காதல் கதையில் திரும்பத் திரும்ப வரும் ஒவ்வொரு கட்டத்துக்கும் நம்மவர்கள் பெயர் வைத்திருந்தார்கள். அவற்றுள் 'சிறைப்புறம்' என்று ஒன்று உண்டு. தலைவன் இரவில் வந்து வேலிக்கு அப்பால் மறைந்து நிற்பான். தோழி அவனைக் கண்டுகொள்ளாதவள் போலத் தலைவியிடம் பேசுவாள். அன்னையின் காவல் கடுமையாகிவிட்டது, ஊர் அலர் தூற்றுகிறது என்பாள். பேச்சு தலைவிக்கு, சேதி வேலிக்கு அப்பால் நிற்கிறவனுக்கு. இப்படித் திருட்டுத்தனமாக வந்து போவதை விட்டுத் திருமணத்துக்கு வழி பார் என்பதை அவன் புரிந்துகொள்ள வேண்டும்.

பாட்டுக்குள் பல நேரங்களில் வேலியும் இராது, தலைவனும் இரான். இரண்டு பெண்கள் வருத்தத்தோடு பேசிக்கொள்வது மட்டுமே இருக்கும். அடியில் உள்ள 'சிறைப்புறம்' என்னும் ஒரு சொல்லைப் படித்தவுடன் இருட்டில் ஓர் ஆள் வந்து நிற்கிறான். அவனுடைய மூச்சு நமக்குக் கேட்கிறது. தோழியின் ஒவ்வொரு சொல்லும் இரண்டு பக்கம் கூராகிறது. அந்தச் சொல்லை அழித்துவிட்டுப் படித்துப் பாருங்கள், ஆளே காணாமல் போவான். பெயர் வைப்பது சுவையைக் குறைக்கிறது என்னும் எதிரணியினர், வேலிக்கு அப்பால் நின்ற அந்த மனிதனை எங்கே அனுப்பினார்கள் என்று சொல்ல வேண்டும்.

வெளிநாட்டுக் கணக்கையும் விரைவாகச் சொல்லிவிடுகிறேன், கேட்டால் பெருமையாக இருக்கும் என்பதற்காக. விளாதிமிர் பிராப் என்னும் ரஷ்ய ஆய்வாளர் 1928-இல் ரஷ்ய மாயக்கதைகளை ஆராய்ந்து, அவற்றில் வரும் நிகழ்ச்சிகளை 31 செயல்களுக்குள் அடக்கினார். 'அங்கே போகாதே' என்று தடுப்பது ஒன்று, தடுத்த பிறகும் போவது இன்னொன்று. ஸ்டித் தாம்சன் என்னும் அமெரிக்கர் 1932-இலிருந்து 1936 வரை 6 தொகுதிகளாக உலக நாட்டுப்புறக் கதைக்கூறுகளுக்கு அட்டவணை போட்டார். அதில் தற்செயலையும் விதியையும் பற்றிய பிரிவில், மறைந்திருந்து கேட்ட இரகசியங்களுக்குத் தனி இடம் உண்டு. மரத்தடியில் படுத்திருப்பவன் காதில் மேலே இரண்டு பறவைகள் பேசுவது விழுமே, நம் ராஜா ராணிக் கதைகளில், அதெல்லாம் அங்கே எண் போட்டு உட்கார்ந்திருக்கிறது. எனக்கு எண்கள் மேல் பெரிய பாசம் இல்லை. அரைக்காது என்றால் ஒரு முகம் தெரிகிறது. எண்ணைச் சொன்னால் ரேஷன் அட்டைதான் நினைவுக்கு வருகிறது.

முடிவு தெரிந்துவிட்டால் சுவை போய்விடும் என்று எதிரணித் தலைவர் அழுத்திச் சொன்னார். நம் பக்கத்துத் தெருக்கூத்தை அவர் பார்த்ததில்லையா? 'கர்ண மோட்சம்' என்று கூத்துக்குப் பெயர். கர்ணன் சாகப்போகிறான் என்பது பெயரிலேயே இருக்கிறது, ஊருக்கே தெரியும். ஆனாலும் விடிய விடியப் பாயை விரித்து உட்கார்ந்து, பொன்னுருவியிடம் அவன் விடைபெறும்போது எத்தனை பேர் முந்தானையில் முகத்தைப் புதைக்கிறார்கள்! போன முறை அழுத அதே இடத்தில்தான் இந்த முறையும் அழுகிறார்கள்.

நடுவர் மணியைத் தொட்டுவிட்டார். அரைக்காதில் நான் சொல்லாமல் வைத்திருந்த பாதி ஒன்று இருக்கிறது. இதில் வாதம் எதுவும் இல்லை, ஐயா. மதிப்பெண் குறைந்தாலும் குறையட்டும்.

என் ஆயாவுக்கு ஒரு தங்கை, பாகூரில் வாழ்க்கைப்பட்டவர். நாங்கள் சின்னாயா என்போம். 1981-இல் பண்ருட்டிப் பக்கம் நடந்த ஒரு கல்யாணத்திலிருந்து ஆயா சாப்பிடாமல் எழுந்து வந்தார். அதன்பின் தங்கையோடு பேசவில்லை. ஏன் என்று யாரிடமும் சொல்லவும் இல்லை. காரணம் தெரியாத சண்டையை யார் போய்த் தீர்த்து வைப்பது? அப்பா இரண்டு முறை முயன்று தோற்றார். நடுவில் இரண்டு கல்யாணங்களும் ஒரு சாவும் வந்து போயின. எதிலும் இருவரும் ஒரே கூரையின் கீழ் நிற்கவில்லை.

2000-ஆம் ஆண்டு, கல்லூரி விடுமுறையில் நான் ஆயா வீட்டில் இருந்தேன். வழக்கம்போல் டம்ளர் வந்தது. வழக்கம்போல் ஆயா, "அரைக்காது!" என்று கத்திச் சிரித்தார். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. டம்ளர் விழுந்து உருண்டதை அவர் பார்க்கவில்லை. முறத்தைக் கீழே வைத்தார். "அத நிறுத்துடா" என்றார். நிறுத்தினேன். நெடுநேரம் கழித்து, "நானும் கதவுகிட்டதான் நின்னேன்" என்றார்.

கல்யாண வீட்டின் பின்கட்டில் சமையல் நடந்துகொண்டிருக்க, தாம்பாளத்தோடு கதவருகே வந்தவரின் காதில் தங்கையின் குரல் விழுந்திருக்கிறது: "அக்காவுக்கு எலை போடாதீங்க." தாம்பாளத்தை அங்கேயே வைத்துவிட்டு பஸ்ஸேறிவிட்டார். 19 ஆண்டுகள் அந்த மூன்று சொற்களோடு இருந்திருக்கிறார்.

மறுநாள் காலையில் புதுச்சேரி பஸ்ஸைப் பிடித்துக் கன்னியக்கோயிலில் இறங்கிப் பாகூருக்குப் போனோம். சின்னாயா திண்ணையில் புளி கொட்டை நீக்கிக்கொண்டிருந்தார். ஆயா நலம் விசாரிக்கவில்லை, உட்காரவும் இல்லை. வெயிலில் நின்றபடியே கேட்டார்: "அன்னிக்கு, அக்காவுக்கு எலை போடாதீங்கன்னியே, அதுக்கு அப்புறம் என்னாடி சொன்ன?"

எந்த அன்றைக்கு என்று சின்னாயா கேட்கவில்லை. கையில் ஒட்டிய புளியை வழித்துக்கொண்டே சொன்னார்: "கடைசிப் பந்தி எழுந்திருக்கிற வரைக்கும் அவ ஒக்கார மாட்டா, எங்க ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே எலையா நான் போட்டுக்கறேன்னு சொன்னேன். எலைய விரிச்சு வச்சிட்டு சாயந்தரம் வரைக்கும் ஒன்னத் தேடுனேங்க்கா."

அன்று மதியம் கொல்லை வாழையிலிருந்து ஒரே ஒரு இலை அறுத்து வந்தார்கள். எனக்குத் தட்டில்தான் சோறு. கவலை மீன் குழம்பு, சகோதரி. இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, எடுத்த முள்ளை இலையின் ஒரே ஓரத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு, பேசாமல் சாப்பிட்டார்கள்.

வணக்கம்.