ஒரே கதவை நூறு முறை திறப்பது

நேயர்களுக்கு வணக்கம்.

ஏப்ரல் 14 தீத்தொண்டு நாள். 1944-இல் அந்தத் தேதியில்தான் பம்பாய் விக்டோரியா கப்பல்துறையில் நின்ற ‘ஃபோர்ட் ஸ்டிகைன்’ கப்பல் வெடித்தது. அணைக்கப் போன தீயணைப்பு வீரர்கள் பலர் அங்கேயே மாண்டார்கள். அவர்கள் நினைவாக ஒரு வாரம் கடைப்பிடிக்கிறோம். அந்த வாரத்தில் தண்ணீர் பீய்ச்சிக் காட்டினால் கூட்டம் சேரும், ஏணியில் ஏறிக் காட்டினால் கை தட்டுவார்கள். கூட்டமே சேராத ஒரு பயிற்சியைப் பற்றி இன்று பேசப்போகிறேன்: பூட்டிய கதவைத் திறக்கும் பயிற்சி.

கதவு என்ன பெரிய விஷயம், நாலு பேர் சேர்ந்து உதைத்தால் திறக்காதா என்று கேட்கலாம். நம் ஊர் வீடுகளில் ஜன்னலுக்கெல்லாம் கம்பி போட்டிருக்கிறோம். உள்ளே இருப்பவர் ஜன்னல் வழியாக வெளியே வர முடியாது, நாமும் அதன் வழியே உள்ளே போக முடியாது. மிச்சம் இருப்பது கதவுதான். அது திறக்க எத்தனை நிமிடம் ஆகிறதோ அத்தனை நிமிடமும் உள்ளே இருப்பவர் புகையைத்தான் சுவாசிக்கிறார். உதைப்பதிலும் சிக்கல் உண்டு. ஒற்றைக் காலில் நிற்கிறோம். கதவு சட்டென்று விட்டுக்கொடுத்தால் நெருப்புக்குள்ளேயே போய் விழுவோம்.

கருவியைச் சொல்லிவிடுகிறேன். ஹாலிகன் கம்பி என்று பெயர். நியூயார்க் தீயணைப்புத் துறை அதிகாரி ஹியூ ஹாலிகன் 1940-களில் வடிவமைத்தது. நீளம் 30 அங்குலம், எடை நாலரை, ஐந்து கிலோ. ஒரு முனையில் இரண்டு பல் கொண்ட கவை. மறுமுனையில் மண்வெட்டித் தகடு மாதிரி இரண்டு அங்குல அகலத்தில் ஓர் அலகு, அதன் பக்கத்திலேயே ஒரு கூர்முனை. கம்பியை ஒருவர் பிடிப்பார். இன்னொருவர் தட்டைத் தலைக் கோடாலியின் பின்பக்கத்தால் அதை அடிப்பார். நம் கடப்பாரையால் ஆகாதா என்றால், ஆகும், ஆனால் சிரமம். முனை பருமனாக இருப்பதால் இடுக்கில் நுழையாது. வலிந்து நுழைத்தால் மரத்துக்குள் புதைந்துகொள்ளுமே தவிர, கதவை நெம்பாது.

இனிப் பயிற்சிக் கதவு. நிஜக் கதவை ஒரு முறைதான் உடைக்கலாம். கை பழக நூறு முறையாவது வேண்டும். அதனால் இரும்பில் ஒரு கதவு செய்து, பூட்டு இருக்கும் இடத்தில் மட்டும் உடையக்கூடிய மரத்துண்டு வைக்கிறோம். ஒவ்வொரு முறையும் துண்டுதான் உடையும், கதவு அப்படியே இருக்கும். ராமநாதபுரத்திலோ பரமக்குடியிலோ ஒரு வெல்டிங் பட்டறையில் செய்துவிடக்கூடிய வேலைதான்.

நிலைக்கு 75 மில்லிமீட்டர் ஆங்கிள், ஆறு மில்லிமீட்டர் கனம். உயரம் ஏழடி, அகலம் மூன்றடி. கதவுக்குப் பெட்டிக்குழாய்ச் சட்டம் அடித்து அதன்மேல் தகடு. இங்கேதான் பலர் தகட்டைக் கனமாகப் போட்டுவிடுகிறார்கள். ஆறு மில்லிமீட்டர் தகடு இரண்டு மீட்டருக்குத் தொண்ணூறு சென்டிமீட்டர் வெட்டினால் அதுவே 85 கிலோ வரும். அந்த எடையில் கீல் தொங்கிப்போகும். திறந்து வரும் கதவு ஆளை அடித்தால் எலும்பு முறியும். மூன்று மில்லிமீட்டர் போதும். கவை கடிக்கிற ஓரத்தில் மட்டும் ஆறு மில்லிமீட்டர் பட்டையை போல்ட் போட்டுப் பொருத்துங்கள். வெல்டு வைக்காதீர்கள், நசுங்கினால் கழற்றி மாற்ற வேண்டியது அதுதான்.

கீலுக்குக் கடையில் வாங்குவது தாங்காது. பைப்புக்குள் 25 மில்லிமீட்டர் ராடு செருகி, நடுவில் வாஷர் வைத்து கிரீஸ் அடையுங்கள். நம் கடற்கரையில் உப்புக்காற்று ஒரே மாதத்தில் அதை இறுக்கிவிடும். இறுகிய கீல் பயிற்சியையே கெடுக்கும். பூட்டு விட்ட பிறகும் கதவு நகராது, பையன் தான் செய்ததுதான் தப்பு என்று நினைத்துக்கொள்வான். தரையும் முக்கியம். மணலில் நிறுத்தி மூட்டை அடுக்கினால் நாலு அடியில் சாய்ந்துவிடும். கான்கிரீட் மேடை போட்டு ஆங்கர் போல்ட்டில் இறுக்கி, பின்னால் இரண்டு பக்கமும் முட்டுக் கொடுக்க வேண்டும்.

பூட்டாக வைக்கும் துண்டு ஒரு அங்குலச் சதுரம், ஆறு அங்குல நீளம். நிலையிலும் கதவிலும் வெட்டிய துளைக்குள் செருகினால் அதுதான் தாழ்ப்பாள். புதிதாக வருபவர்களுக்குப் பேக்கிங் பெட்டி மரம், சீக்கிரம் ஒடியும். அடுத்து காய்ந்த சவுக்கு. கடைசியில் சீமைக்கருவேலம், நம் மாவட்டத்தில் அதற்குப் பஞ்சமா என்ன! எந்த மரமானாலும் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். பச்சை மரம் ஒடியாது, நாராக இழுத்துக்கொண்டு நிற்கும். ஒடியும் துண்டு தெறிக்கும் என்பதால் துளைக்குப் பின்னால் ஒரு மூடித் தகடு அவசியம்.

இதுவரை சொன்னது எந்த நாட்டுப் பயிற்சிக் கதவுக்கும் பொருந்தும். வெளிநாட்டு மாதிரியை அப்படியே பார்த்துச் செய்தால் நடுவில் ஒரு துளைதான் இருக்கும், ஏனென்றால் அவர்கள் கதவில் பூட்டு இருப்பது கைப்பிடி உயரத்தில். நம் வீட்டுக் கதவோ உள்ளே மேலே ஒரு டவர் போல்ட், கீழே ஒன்று, நடுவில் அல்ட்ராப் என்கிற படுக்கைத் தாழ்ப்பாள் என்று மூன்று இடத்தில் பிடித்திருக்கும். பழைய வீடானால் குறுக்குக் கட்டையும் இருக்கும். ஒற்றைத் துளைக் கதவில் மட்டும் பழகியவன் இங்கே நடுப்பூட்டை எடுத்துவிட்டு, கதவு ஏன் வரவில்லை என்று திகைத்து நிற்பான். ஆகவே மூன்று துளை போடுங்கள். எதில் துண்டு இருக்கிறது என்பது பயிற்சி கொடுப்பவருக்கு மட்டும் தெரியட்டும். மாணவர் கதவின் மேல்மூலையைக் கையால் தள்ளிப் பார்க்க வேண்டும், நடுவைத் தோளால், கீழ்மூலையைக் காலால். எங்கே துளிகூட அசையவில்லையோ அங்கே தாழ்ப்பாள் இருக்கிறது.

கீழக்கரைப் பக்கத்துப் பழைய வீடுகளின் இரட்டைக் கதவு இன்னொரு தினுசு. இரண்டு கதவும் சந்திக்கிற நடு இடுக்கில் நெம்பினால், எதிர்க்கதவும் சேர்ந்து வளையும். கம்பிக்கு ஊன்ற இடமில்லாமல் பாதி பலம் அதிலேயே போய்விடும். முதலில் அந்த எதிர்க்கதவு அசையாதபடி இடுக்குகளில் ஆப்பு இறுக்க வேண்டும்.

இப்போது செய்முறை. தட்டு, விரி, பதி, தள்ளு. இந்த நாலு சொல்தான். அதற்கு முன்னால், கதவு பூட்டித்தான் இருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்க வேண்டாம். வெறுமனே சாத்திய கதவை உடைப்பது உலகம் முழுக்க நடக்கிறது. கொல்லைக் கதவையும் பாருங்கள், பக்கத்து வீட்டில் சாவி இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

தட்டு என்றால், அலகின் பின்பக்கத்தால் பூட்டு உயரத்தில் ஓங்கி ஒரு தட்டு. எவ்வளவு அசைகிறது, எப்படிப் பூட்டியிருக்கிறது என்பது தெரியும். விரி என்றால், பூட்டுக்கு அரையடி மேலேயோ கீழேயோ அலகை இடுக்கில் வைத்து, கம்பியை மேலும் கீழுமாக அசைப்பது. 30 அங்குலக் கம்பி, இரண்டு அங்குல அலகு. ஏறத்தாழ 15 மடங்கு பலம் கிடைக்கிறது. அதனால் இங்கே மூச்சு முட்டத் தள்ள வேண்டியதில்லை. விரிந்த இடுக்கு மூடாமலிருக்க உடனே ஒரு சவுக்குக்கட்டை ஆப்பைச் செருகுங்கள்.

பதி. அதிகம் தப்பு நடப்பது இங்கேதான், கொஞ்சம் நின்று சொல்கிறேன். உள்ளே திறக்கும் கதவானால் கவையின் குவிந்த முதுகு கதவைப் பார்த்து இருக்க வேண்டும். கம்பி கதவை ஒட்டிப் படுத்தமாதிரி தொடங்கி, அடி விழ விழக் கதவிலிருந்து விலகி, கடைசியில் செங்குத்தாக வர வேண்டும். கதவு உட்காரும் காடியைக் கவை சுற்றிக்கொண்டு போக வேண்டும் என்பதற்காகத்தான் இந்தத் திருப்பம். திருப்பாமல் நேரே அடித்தால் கவை நிலைக்கட்டைக்குள் குத்திப் புதைந்துவிடும். பிடுங்கி மறுபடி ஆரம்பிக்க வேண்டும். இதைக் காதாலும் கண்டுபிடிக்கலாம். கம்பி முன்னேறும்போது அடி ‘டொக்’ என்று அடங்கி விழும். எதிலோ முட்டி நின்றுவிட்டால் ‘ணங்’ என்று அதிரும், கோடாலியும் எகிறும். ‘ணங்’ கேட்டதும் நிறுத்திக் கோணத்தை மாற்றுங்கள். புகைக்குள் கண் தெரியாதபோது இந்தச் சத்தம்தான் துணை. அதனால் கொஞ்சம் கை பழகியதும் முகமூடிக் கண்ணாடியைத் துணியால் மூடிவிட்டு, மண்டியிட்டுச் செய்யச் சொல்ல வேண்டும்.

முழு இரும்புக் கதவில் ‘டொக்’ சத்தம் வராது என்பதையும் சொல்ல வேண்டும். அதற்காக நிலையின் காடியில் ஒரு வேப்பங்கட்டைப் பட்டையை போல்ட் போட்டு வையுங்கள். மரம் கடிபடுவது எப்படி இருக்கும் என்பது கைக்குத் தெரியும். கந்தலானதும் வேறு பட்டை.

எவ்வளவு ஆழம் போனால் போதும்? கவையின் பல்முனை கதவின் கனத்தைத் தாண்டியிருக்க வேண்டும். நம் கதவுகள் பெரும்பாலும் 30, 35 மில்லிமீட்டர். அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கவையில் அரத்தால் ஒரு கோடு போட்டுவிட்டால் விரலால் தடவியே தெரிந்துகொள்ளலாம். ஆழம் போதாமல் தள்ளினால் கவை நழுவும். தள்ளிய வேகத்தில் ஆள் முகங்குப்புற விழுவார்.

அடிப்பவர் தானாக அடிக்கக் கூடாது. கம்பி பிடித்தவர் ‘அடி’ என்றால் ஒரே அடி, ‘நில்’ என்றால் நிறுத்தம். கோடாலியை ஓங்கி வீச வேண்டாம், இரண்டடி தூரத்திலிருந்து வரும் அடி போதும். கம்பி பிடித்தவர் கை கதவுக்கும் கம்பிக்கும் நடுவே இருக்கக் கூடாது, விரல் போகும்.

கடைசியாகத் தள்ளு: கம்பியைக் கதவை நோக்கித் தள்ளினால் துண்டு ஒடியும். வெளியே திறக்கும் கதவானால் வேலை அலகுக்குத்தான். இடுக்கில் இறக்கி நம் பக்கம் இழுக்க வேண்டும். ஷட்டர், கிரில் கேட், பூட்டு வெட்டுவது எல்லாம் தனிப் பாடம், இந்தக் கதவில் அடங்காது.

துண்டு ஒடிந்ததோடு வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் ஆபத்து. தொடங்கும் முன்பே கைப்பிடியில் ஒரு கயிறு கட்டி ஒருவர் பிடித்திருக்க வேண்டும். கதவு ஒரு சாண் திறந்ததும் இழுத்துச் சாத்திவிட வேண்டும். தண்ணீர்க் குழாய் தயாரான பிறகே திறப்பது. கடற்கரையில் இதற்குக் காரணம் கூடுதல். கிழக்கிலிருந்து வரும் கொண்டல் காற்று அடிக்கும்போது கிழக்கு ஜன்னல் கண்ணாடி ஏற்கெனவே வெடித்திருக்கிறது, நாம் மேற்குக் கதவைத் திறக்கிறோம் என்று வையுங்கள். காற்று வீட்டுக்குள் புகுந்து, நெருப்பை அப்படியே நம் முகத்துக்குத் தள்ளும். மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்றானால் திசை மட்டும் மாறும். காற்று எந்தப் பக்கம் என்று மீனவரிடம் போய்க் கற்றுக்கொள்ளலாம், கதவைத் தொடுமுன் அதையும் பாருங்கள். கதவு இடுக்கில் புகை உள்ளே வெளியே என்று மூச்சு விடுவதுபோல் போய் வந்தால் திறக்கவே வேண்டாம். உள்ளே தீ காற்றுக்கு ஏங்கிக்கொண்டிருக்கிறது.

பயிற்சி நேரம் காலை ஆறு முதல் எட்டு. அதற்குமேல் வெயிலில் நிற்கும் தகடு கையைச் சுடும், கனத்த உடுப்புக்குள் ஆளும் மயங்குவார். ஆளுக்கு நாலு முறை, பிறகு மாற்று, தண்ணீர்.

நேயர்களிடம் ஒரு வேண்டுகோள். இரும்புக் கதவில் கை பழகியவர்களுக்குக் கடைசிப் பாடம் நிஜக் கதவுதான். பழைய வீட்டை இடிக்கிறீர்கள், பழுதான கதவை மாற்றுகிறீர்கள் என்றால், விறகுக்குப் போடும் முன் பக்கத்துத் தீயணைப்பு நிலையத்தில் வேண்டுமா என்று கேளுங்கள். கொடுக்கும்போது கதவை மட்டும் கழற்றித் தராதீர்கள். நிலையோடு பெயர்த்து, தாழ்ப்பாள், அல்ட்ராப், கீல் எதையும் பிடுங்காமல் கொடுங்கள். துருப்பிடித்திருந்தால் இன்னும் நல்லது, நாங்கள் திறக்கப்போகும் கதவுகளும் அப்படித்தான் இருக்கும்.

வணக்கம்.