மாத்திரையும் டீ டம்ளரும்

வணக்கம். கிராம சுகாதார செவிலியராக 27 வருஷம் வீடு வீடாக நடந்தவள் நான். மாசமாக இருக்கும் பெண்களின் சாப்பாடு, உடற்பயிற்சி இரண்டையும் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் டீயில் இருந்து தொடங்குகிறேன்.

ஒரு பெண், அவளுக்கு இரண்டாவது பிரசவம். ஐந்தாம் மாதத்தில் பார்த்தால் ரத்தம், அதாவது ஹீமோகுளோபின் அளவு, எட்டு பாயின்ட். குறைந்தது பதினொன்று இருக்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தேன். அடுத்த மாதமும் அதே எட்டு. அட்டையை வாங்கி எண்ணிப் பார்த்தேன், கணக்கு சரியாக இருந்தது. “தூக்கிப் போட்டுடறியாம்மா?” என்று கேட்டுவிட்டேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. “தினமும் போடறேன் சிஸ்டர்” என்றாள். நான் நம்பவில்லை.

ஒரு நாள் காலையில் அந்தத் தெருவுக்கு வேறு வேலையாகப் போனவள் அவள் வீட்டுக்குள்ளும் எட்டிப் பார்த்தேன். மாமியார் ஒரு கையில் மாத்திரை, இன்னொரு கையில் சூடாக டீ டம்ளரோடு நிற்கிறார். எவ்வளவு அக்கறை! மருமகள் டீயை ஊற்றியே மாத்திரையை விழுங்குகிறாள்.

எதைக் குடித்து மாத்திரை போடுகிறாய் என்று நான் ஒரு தடவையாவது கேட்டேனா? கேட்கவில்லை. அவளைச் சந்தேகப்பட்டது இன்றைக்கும் என் மனசில் கனக்கிறது.

டீயில் இருக்கும் துவர்ப்பு, வயிற்றில் இரும்புச்சத்தைப் பிடித்துக்கொள்ளும், உடம்பில் சேர விடாது. காபியும் அப்படித்தான். மாத்திரைக்கு மட்டும் இல்லை, முருங்கைக்கீரையும் பருப்பும் சாப்பிட்ட கையோடு டீ குடித்தாலும் இதே நஷ்டம்தான். டீயே கூடாது என்று சொல்லவில்லை. ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். மாத்திரைக்குத் தண்ணீர், முடிந்தால் எலுமிச்சை பிழிந்த தண்ணீர். நெல்லிக்காய், கொய்யா இருந்தால் இன்னும் நல்லது. அந்தப் பெண்ணுக்கு ராத்திரி சாப்பாடு முடிந்து ஒரு மணி நேரம் கழித்து என்று மாற்றினோம். இரண்டு மாதத்தில் பத்தைத் தாண்டியது.

மாத்திரை போட்டால் மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதீர்கள். குழந்தையும் கறுப்பாகப் பிறக்கும் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். கர்ப்ப காலத்தில் 180 நாள், விடாமல். கால்சியம் மாத்திரையை இதோடு சேர்த்துப் போட வேண்டாம், வேறு வேளையில்.

அந்த இரும்புச்சத்து மாத்திரையில், ரத்தம் ஊற உதவும் ஃபோலிக் அமிலம் என்ற சத்தும் இருக்கிறது. 1928இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். அங்கே ரத்தம் குறைந்து தவித்த கர்ப்பிணிகளை, அதிலும் மில் தொழிலாளிப் பெண்களை, ஆராய்ந்தார். கொஞ்ச காலம் நம் குன்னூரிலும் வேலை பார்த்தார். ஈஸ்டில் இருந்து எடுத்த சாறு கொடுத்தபோது பெண்கள் தேறினார்கள். அந்தச் சாறில் இருந்த ஃபோலிக் அமிலத்தைப் பிறகு 1941இல் பசலை வகைக் கீரையில் இருந்து பிரித்தார்கள். இலை என்ற பொருளில்தான் அதற்குப் பெயரே வைத்தார்கள். நம் வாசலில் வரும் கீரைக்காரம்மாவை நினைத்துக்கொள்வேன்.

இரண்டு பேருக்குச் சாப்பிடு என்று திணிப்பார்கள். நாலாம் மாதத்துக்கு மேல் கூடுதலாக வேண்டியது ஒரு நாளைக்கு 350 கலோரி. இரண்டு இட்லி, ஒரு முட்டை, ஒரு டம்ளர் பால் என்றால் ஏறக்குறைய வந்துவிடும். அங்கன்வாடி சத்துமாவை ஆட்டுக்குப் போடாதீர்கள், தாயி! அது உங்களுக்கு.

நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். நடையைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். தினமும் அரை மணி நேரம், பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகத்தில். ஓய்வாக இரு என்று டாக்டர் சொன்னவர்கள் நடக்க வேண்டாம். தலைசுற்றல், ரத்தக்கசிவு, பனிக்குட நீர் ஒழுகல், இதில் எது வந்தாலும் நடையை நிறுத்திவிட்டு நேராக ஆஸ்பத்திரி.

வணக்கம்.