வரவில்லையே என்று கேட்கும் வீடு

நடுவர் அவர்களே, இந்தப் பனியிலும் பொங்கல் விழாவுக்கு வந்திருக்கும் நம் தமிழ்ச் சங்கத்து உறவுகளே, வணக்கம். நம் பிள்ளைகள் இங்கே அமெரிக்காவில் கல்லூரியில் ஃபிராட்டர்னிட்டியில், அதாவது சந்தா கட்டிச் சேர்ந்து பலரும் ஒரே வீட்டில் தங்கும் மாணவர் சகோதரச் சங்கத்தில், சேர்வது நன்மையா, தீமையா என்பது தலைப்பு. நன்மையே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணி அண்ணன், "காசு கொடுத்து நட்பை வாங்குகிற இடம் அது" என்றார். சந்தா உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. நாமும்தான் இந்தத் தமிழ்ச் சங்கத்துக்கு வருஷா வருஷம் சந்தா கட்டுகிறோம். அதனால் இங்கே கிடைத்த உறவெல்லாம் விலைக்கு வாங்கியதா?

அண்ணே, 1905-க்குப் போவோம். நியூயார்க் மாநிலம், இத்தாக்கா, கார்னெல் பல்கலைக்கழகம். முந்தைய ஆண்டு அங்கே படித்த ஆறு கறுப்பின மாணவர்களில் ஒருவர்கூட அந்த ஆண்டு திரும்பி வரவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்க அங்கே அவர்களுக்கு யார் இருந்தார்கள்? வெள்ளை மாணவர்களின் சங்கங்களில் அவர்களுக்கு இடமில்லை. சிலர் அந்தச் சங்க வீடுகளிலேயே சாப்பாடு பரிமாறும் வேலை பார்த்துப் படித்தார்கள். மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையாக இருப்பதைத் தட்டும் கையுமாக நின்று பார்ப்பது எப்படி இருந்திருக்கும்!

புதிதாக வந்தவர்கள் இனி ஒருவனையும் விடுவதில்லை என்று, ஊரிலிருந்த கறுப்பினக் குடும்பங்களின் வீடுகளில் கூடிப் படித்தார்கள். 1906 டிசம்பர் 4 அன்று அந்தப் படிப்பு வட்டமே ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா என்ற ஃபிராட்டர்னிட்டி ஆனது. நிறுவியவர்கள் ஏழு பேர்.

1935-இல் மேரிலாந்து பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரி, கறுப்பினத்தவர் என்ற ஒரே காரணத்துக்காக ஒரு மாணவரைச் சேர்க்க மறுத்தது. வழக்குக்கு முன்நின்றவற்றில் இந்தச் சங்கமும் ஒன்று. வாதாடியவர்களில் ஒருவர் சங்கத்து உறுப்பினர் தர்குட் மார்ஷல். வென்றார்கள். அதே மார்ஷல் 1967-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியானார். மார்ட்டின் லூதர் கிங்கும் இவர்களில் ஒருவர்தான். வாஷிங்டனில் அவருக்கு நினைவிடம் வேண்டும் என்று 1984-இல் இந்தச் சங்கம் கிளம்பியது, 2011-இல் திறந்தது. விலைக்கு வாங்கிய நட்பு, இறந்துபோனவருக்காக 27 வருஷம் அலையுமா?

பெண்களுக்கும் உண்டு. சென்னையிலிருந்து வந்த ஷியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ், ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா என்ற மாணவியர் சங்கத்தில் சேர்ந்தவர்.

சரி, ஹேசிங்குக்கு, அதாவது புதிதாகச் சேருபவர்களைச் சோதனை என்ற பெயரில் துன்புறுத்தும் வழக்கத்துக்கு வருகிறேன். எதிரணியின் பெரிய ஆயுதம் அது. அதை நான் மழுப்பப் போவதில்லை. 2017-இல் பென்சில்வேனியாவில் புதிதாகச் சேர்ந்த 19 வயதுப் பையனை அளவுக்கு மீறிக் குடிக்க வைத்தார்கள். மாடிப்படியில் விழுந்தவனுக்குப் பல மணி நேரம் ஆம்புலன்ஸ்கூட அழைக்கவில்லை. அந்தப் பிள்ளை செத்துப்போனான். அதைப் படித்த இரவு நான் தூங்கவில்லை. சகோதரன் என்று சொல்லிவிட்டு அவனைக் கிடக்கவிட்டவர்களுக்காக நான் வாதாட வரவில்லை. ஆனால் 2024 டிசம்பரில் புதிய மத்தியச் சட்டம் வந்திருக்கிறது. ஹேசிங் செய்து பிடிபட்ட சங்கங்களின் விவரத்தைப் பல்கலைக்கழகங்கள் இனி வெளியிட்டாக வேண்டும். பெற்றோரே, கையெழுத்துப் போடும் முன் அதைப் படியுங்கள். கெட்ட வீடு இருக்கிறது என்பதற்காக நல்ல வீட்டின் கதவையும் நாம் சாத்த வேண்டாம்.

அந்த நல்ல வீட்டை நான் பார்த்தேன். போன பிப்ரவரியில் என் மகனுக்குக் கடும் காய்ச்சல். அம்மா பயப்படுவாள் என்று எங்களிடம் சொல்லவில்லை. இரண்டு வேளை சாப்பாட்டுக்கு வரவில்லையே என்று அவன் அறைக் கதவைத் தட்டியவன், அதே வீட்டில் இருக்கும் மூத்த மாணவன். கிளினிக்குக்குக் கூட்டிப்போய், மருந்து வாங்கி, அப்புறம் எனக்கு வீடியோ கால் போட்டான். "ஆன்ட்டி, இவன் ஏதோ கஞ்சி கேட்கிறான், எப்படிச் செய்வது?" எந்த அரிசி என்று பொட்டலத்தைத் தூக்கிக் காட்டினான். உள்ளங்கையில் உப்பைக் கொட்டி, "இவ்வளவு போதுமா?" என்றான். நானூறு மைல் தள்ளி இருந்த நான், அந்தக் கையைப் பார்த்து அழுதுவிட்டேன்.

நேற்று இரவு என் மகன் பாதிப் பேச்சில் போனை வைத்தான். இந்த வருஷம் புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் சாப்பிட வரவில்லையாம். "என்னவென்று பார்த்துவிட்டு வருகிறேன்மா" என்றான்.

நன்றி, வணக்கம்.