ஒரு சாண் தூரத்து மைக்

நேயர்களுக்கு வணக்கம். சின்னக் கச்சேரிக்கு எப்படிப்பட்ட மைக்செட் போதும் என்பதைப் பற்றி இன்று பேசுகிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் நவராத்திரியில் எங்கள் ஊர்ப் பெருமாள் கோயில் மண்டபத்தில் ஒரு வீணைக் கச்சேரி வைத்தோம். திருவையாற்றிலிருந்து டவுன் பஸ்ஸில் அரை மணி நேரத்தில் வந்துவிடக்கூடிய சின்ன ஊர். கேட்க வந்தவர்கள் அறுபது பேர் இருக்கலாம். மைக்செட்டுக்குச் சொல்லியிருந்தோம். மாலை நான்கு மணிக்கு டாடா ஏஸ் வண்டி வந்து நின்றது. ஆள் உயரப் பாக்ஸ்கள் நான்கு இறங்கின. வீணை வாசிக்க வந்த அம்மாள் பாக்ஸ்களைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

கச்சேரி தொடங்கியது. ஒவ்வொரு மீட்டும் கிணற்றில் நழுவிய சொம்பைப் போல இரண்டு மூன்று முறை மோதிவிட்டுத் திரும்பி வந்தது. மைக்செட்காரர் எக்கோ திருகை முக்கால்வாசி ஏற்றி வைத்திருந்தார். குறைக்கச் சொன்னேன். "எக்கோ இல்லாவிட்டால் சத்தம் வறண்டுபோய்விடும் சார்" என்றார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. திருவிழாவிலும் காதுகுத்திலும் கட்சிக் கூட்டத்திலும் தேறிய கை அது; நான்கு தெருவுக்குக் கேட்க வைப்பதுதான் அவருடைய தொழில். தோடி ஆலாபனையின் நடுவில் ஒரு பெரியவர் எழுந்துபோய்க் குளத்துப் படியில் உட்கார்ந்துகொண்டார். அங்கிருந்து கேட்கச் சுகமாக இருந்தது என்று மறுநாள் சொன்னார்.

இந்தக் காவிரிக் கரையில் இரண்டு குணமுள்ள வாத்தியங்கள் உருவாகின்றன. கும்பகோணத்தைத் தாண்டி நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைகிற நாகஸ்வரம் ஒன்று. தேரோடும் வீதியில், கூட்டத்தின் இரைச்சலுக்கும் மேலே கேட்க வேண்டும் என்றே அமைந்தது அது. அதற்கு முன்னால் மைக்கை வைத்தால் கேட்பவருக்குத்தான் தண்டனை. மற்றொன்று தஞ்சாவூரில் பலா மரத்தைக் குடைந்து செய்கிற வீணை. அது கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்து கேட்கிற வாத்தியம். தந்தியை இழுத்துப் பிடித்த கமகம் மெலிந்து அடங்குகிற அந்தக் கடைசி இழை இரண்டு முழத்துக்கு அப்பால் கேட்காது. தேருக்குச் செய்த மைக்செட்டைக் கூடத்துக்குக் கொண்டுவந்தால் அந்த இழைதான் முதலில் போகும்.

பள்ளியில் முப்பது ஆண்டுகள் இயற்பியல் நடத்தியவன் என்பதால் ஒரே ஒரு கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஓரளவு நல்ல ஸ்பீக்கருக்கு 1 வாட் மின்சாரம் கொடுத்து 1 மீட்டர் தள்ளி நின்று அளந்தால் சத்தம் 90 டெசிபல் அளவில் இருக்கும். திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும்; 10 மீட்டரில் 20 குறையும். அப்படியானால், 10 மீட்டர் தள்ளிக் கடைசி வரிசையில் இருப்பவருக்கு அந்த 1 வாட்டிலேயே 70 டெசிபல் போய்ச் சேர்கிறது. எதிரே உட்கார்ந்து பேசுகிறவரின் குரல் நம் காதுக்கு 60 டெசிபல் அளவில்தான் வருகிறது. குரல் மேல் சட்ஜத்தில் போய் நிற்கும்போது நொடி நேரத்துக்குப் பத்து மடங்கு, ஐம்பது மடங்கு மின்சாரம் தேவைப்படும். அதற்குக் கையிருப்பாக 50 வாட், மிஞ்சினால் 100 வாட் போதும். அறுபது பேருக்கு இதுதான் கணக்கு. கடையில் பெட்டியின் மேல் மூவாயிரம் வாட் என்று ஒட்டியிருந்தால் பக்கத்தில் பி.எம்.பி.ஓ. என்ற எழுத்துகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் அது விளம்பர வாட். ஆர்.எம்.எஸ். என்று போட்டிருக்கும் எண்ணை மட்டும் நம்பலாம்.

தஞ்சாவூரில் இரண்டு மூன்று கடைகள் ஏறி இறங்கி நான் வாங்கியது எட்டு அங்குல ஸ்பீக்கர் உள்ள ஒரு பெட்டி. ஆம்ப்ளிஃபையர், சின்ன மிக்சர், பேட்டரி எல்லாம் உள்ளேயே இருக்கின்றன. எடை எட்டுக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. கடைக்காரர் அதைவிடப் பெரியதை, சக்கரமும் வண்ண விளக்கும் வைத்ததை, விலையும் குறைவு என்று காட்டினார். எனக்கு இருந்த அளவுகோல் ஒன்றுதான்: டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு ஊர் திரும்ப முடியுமா? முடிந்தது. பக்கத்து இருக்கைக்காரர் மட்டும் "இன்வெர்ட்டரா?" என்று கேட்டார்.

பெட்டியைவிட மைக்குக்குத்தான் நான் அதிகம் யோசித்தேன். கையில் இருக்கும் பணத்தில் மூன்றில் ஒரு பங்கை மைக்குக்கு ஒதுக்குங்கள் என்பேன். பெட்டி சில ஆண்டுகளில் பழசாகும்; தனி மின்சாரம் கேட்காத டைனமிக் வகையில் நல்ல மைக் ஆகாது. உலகம் முழுக்கப் பாடகர்கள் பிடித்துக்கொண்டிருக்கிற ஷூர் எஸ்எம்58 வந்தது 1966-இல். இன்றும் விற்கிறது. அதற்குப் போலியும் ஏராளமாக விற்கிறது என்பதால் பாதி விலைக்குக் கிடைத்தால் மகிழ வேண்டாம்.

வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் தூரம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை அரைச் சாணாகக் குறைத்தால் மைக்குக்குக் கிடைக்கும் சத்தம் 6 டெசிபல் கூடும். ஆம்ப்ளிஃபையரை நான்கு மடங்கு பெரிதாக வாங்கியதற்குச் சமம், செலவோ ஒரு பைசா இல்லை. இதைத் தெரிந்துகொண்ட பிறகு நான் கச்சேரிக்கு முன் திருகுகளைத் தொடுவதைவிட மைக் ஸ்டாண்டைத்தான் அதிகம் தொடுகிறேன். ரொம்பவும் ஒட்டிவிட்டால் குரல் பானைக்குள்ளிருந்து வருவது போலக் கனத்துவிடும். நான்கு விரலுக்குக் கீழே போக வேண்டாம். வயலினுக்கு மேலிருந்து ஓர் அடி உயரத்தில். மிருதங்கத்துக்கு இந்த அளவு கூட்டத்தில் மைக்கே வேண்டாம். வித்வானுக்கு வருத்தம் வரலாம். காபி கொடுத்துச் சமாளிக்கலாம்.

வீணைக்குத்தான் பாடுபட்டேன். குடத்தில் ஒட்டி அதன் அதிர்வை மின்சாரமாக்குகிற பிக்கப்பை வாங்கி, மைக் செருகும் துளையிலேயே செருகினேன். தகரத்தில் ஆணியால் கீறிய சத்தம். பிக்கப்பின் மேல் பழி போட்டு ஒரு மாதம் மூலையில் வைத்திருந்தேன். பிழை என்னுடையது. அந்த வகைப் பிக்கப்புக்கு மிக உயர்ந்த மின்தடை உள்ள நுழைவு வேண்டும். பெட்டியில் கிடார் என்று எழுதியிருக்கும் துளை அதற்குத்தான் இருக்கிறது. அதில் செருகியதும் வீணை வீணையாயிற்று. இருந்தாலும் என் காதுக்குப் பிடித்தது தந்திகளைத் தாங்குகிற குதிரைக்குப் பக்கத்தில், பலகைக்கு அரை அடி உயரத்தில் வைக்கிற சின்ன கண்டென்சர் மைக்தான். அதற்குப் பெட்டியிலிருந்து ஒயர் வழியாக 48 வோல்ட் மின்சாரம் வர வேண்டும். விலை குறைந்த பெட்டிகள் பலவற்றில் அந்த வசதி இருக்காது. பணம் கொடுப்பதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

கல் மண்டபத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல் எதையும் விழுங்காது, எல்லாவற்றையும் திருப்பித் தரும். அங்கே எக்கோ திருகு எதற்கு என்று அன்று நான் கேட்டிருக்க வேண்டும். ஸ்பீக்கரை மேடைக்குப் பின்னால் வைத்தால் மைக் தன் சத்தத்தைத் தானே கேட்டு விசிலடிக்கும். மைக்கின் முதுகு ஸ்பீக்கரைப் பார்க்கும்படி, பாடுகிறவருக்கு முன்னால் இரண்டு மூன்று அடி தள்ளி வையுங்கள். தரையில் வைத்தால் முன் வரிசைக்குக் காது அடைக்கும், பின் வரிசைக்கு வார்த்தை புரியாது; நடுவில் இருக்கும் தலைகள் தடுத்துவிடும். ஸ்டாண்டில் ஏற்றி, கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்த்துவிட்டால் சத்தம் விட்டத்துக்குப் போகாமல் ஆட்களிடம் வரும். நாற்பது பாய்களுக்கு மேல் விரித்தால் முழக்கமும் அடங்குகிறது; கூட்டம் வந்தாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

புளூடூத் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். மைக்கிலிருந்து பெட்டிக்குப் புளூடூத் வேண்டாம். சத்தம் நொடியில் பத்தில் ஒரு பங்கு, சில சமயம் இரண்டு பங்கு தாமதமாக வரும். காற்றில் சத்தம் அந்த நேரத்துக்குள் 34 மீட்டர், 68 மீட்டர் போய்விடும். பாடுகிறவருக்குத் தன் குரல் அடுத்த தெருவிலிருந்து வருவது போல இருக்கும், தாளம் கலைந்துவிடும். கைபேசியிலிருந்து தம்புராச் சுருதியை மட்டும் அனுப்பிக்கொள்ளலாம். சுருதிக்கு ஏது தாளம்?

எங்கள் பக்கத்தில் பழைய வீடுகளில் எர்த் இழுத்திருக்க மாட்டார்கள். மின்சாரத்தில் போட்டால் பெட்டி 'ங்' என்று முனகிக்கொண்டே இருக்கும். பேட்டரியில் ஓட்டினால் அது போய்விடும், மின்வெட்டைப் பற்றியும் கவலையில்லை. லித்தியம் பேட்டரி நல்லது. 12 வோல்ட் ஈய பேட்டரி என்றால் மாதம் ஒருமுறையாவது சார்ஜ் போட வேண்டும். மார்கழிக்கு மார்கழி எடுத்தால் செத்திருக்கும். ஐப்பசி மழையில் கண்டென்சர் மைக்குக்கு ஈரம் ஆகாது. செருப்புப் பெட்டிக்குள் வருகிற சிலிக்கா பொட்டலங்களைச் சேர்த்து மைக்கோடு டப்பாவில் போட்டு மூடிவிடுகிறேன்.

மார்கழி என்றதும் ஒன்று. 2000-இல் வந்த ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது; மூடிய அரங்குக்குள்ளும், விழா நாள்களில் அரசு தருகிற விலக்கிலும் மட்டும் தளர்வு உண்டு. விடியற்காலை பஜனை ஆர்மோனியத்தோடும் ஜால்ராவோடும் தெருவில் நடந்து போகட்டும். அதற்குப் பெட்டியைத் தரச் சொல்லிக் கேட்டார்கள், தரவில்லை. நடந்து வருகிற பாட்டு தூரத்தில் தொடங்கி, நம் வாசலுக்கு வந்து, தாண்டிப் போக வேண்டும். பெட்டி வந்தால் அந்த வருகையும் போக்கும் கெட்டுவிடும்.

போன ஆண்டு அதே மைக்செட்காரர் எங்கள் கச்சேரிக்கு வந்து பின்னால் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் பெட்டியைத் தூக்கிப் பார்த்தார். "இது எத்தனை வாட் சார்?" சொன்னேன். சிரித்தார். இரண்டு மாதம் கழித்து அவரும் இதைப் போல ஒன்று வாங்கிவிட்டார். கொலுப் பாட்டுக்கும் வீட்டு நிச்சயதார்த்தத்துக்கும் வாடகைக்குக் கொடுக்கிறார். அதன் எக்கோ திருகைச் சுழியத்தில் வைத்து மேலே பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறார். யார் கேட்டாலும் பிரிப்பதில்லை.

வணக்கம்.